கெட்டா யாரு கழட்டுவா?

என் மதினியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. தவிர, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் இல்லை. முகத்துக்கு முன்னால் 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'கழட்டி'. நான் மட்டும் மதினி என்றேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான், ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி ஆயிற்றே, 'நீங்க, வாங்க' போட்டுத்தானே ஆகவேண்டும். அந்த எரிச்சல் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

எந்தப் பொருளைக் கண்டாலும் அவளிடம் இருந்தது ஒரே கேள்வி: "இது கெட்டா யாரு கழட்டுவா?"

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கங்காணி வீட்டுக்குக் கலர் டீவி வந்த நாளன்று லயமே திரண்டுபோய் முன்னால் உட்கார்ந்தது. இவள் மட்டும் டீவிக்குப் பின்னால் போய் நின்றாள். "இதுல ஸ்குரூ எங்க இருக்கு?" என்றாள். கங்காணியின் பெண்டாட்டிக்கு வந்ததே கோபம். "ஒங்க மதினிய இங்கிட்டு இழுங்க, சாமானத்தப் பாத்துக் கண்ணு வைக்கிறா!" என்று என்னைப் பிடித்து ஏசினாள். எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெண் பார்க்கப் போன அன்றே எங்களுக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தவள் உள்ளே போகாமல் நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்த, இவங்களுக்குக் கோவம் வந்தா என்னா செய்வாங்க?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்பிள்ளை என்ன வேலை, எத்தனை பேர் குடும்பம் என்று கேட்பார்கள். இப்படி யாராவது கேட்பார்களா? அம்மா திக்குமுக்காடி உண்மையைச் சொல்லிவிட்டாள்: "கோவம் வந்தா சாப்பிடாம படுத்துக்குவான் தாயி. வேற ஒன்னும் செய்ய மாட்டான்."

"அப்ப சரி," என்றாள் அவள். கல்யாணம் முடிந்துவிட்டது.

அண்ணனுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், மிசின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கைதேர்ந்த ஆள், வாய் திறக்காத ஆள். அவர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் எது இருந்தாலும் இவள் கழட்டினாள். அம்மாவின் மணிக்கூடு, மண்ணெண்ணெய் அடுப்பு, என் குடை, எதையும் விடவில்லை. டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரைக் கூட்டைக்கூடப் பிரித்து உள்ளே இருந்த தூளை முகர்ந்து பார்த்தாள். அண்ணன் பொழுதுபட வந்து, படங்குச் சாக்கின் மேல் பரப்பிக் கிடக்கும் மணிக்கூட்டைப் பார்ப்பார்.  கை கழுவிவிட்டு உட்கார்ந்து பூட்டிவைப்பார். ஒரு தடவை ஓர் ஆணி மிச்சம் விழுந்தது. அதன்பிறகும் மணிக்கூடு ஓடத்தான் செய்தது, கொஞ்சம் பிந்தி.

நான் அவர்களோடு வந்து ஒட்டிக்கொண்ட கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். என் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஆறு வயது மகளையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு அண்ணனின் ஒற்றைக் காம்பரா வீட்டுக்கு வந்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மதினி என் மகளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள்: "காய்ச்ச வந்தா இவளுக்கு எப்பிடி வரும்? வலிப்பு கிலிப்பு வருமா?" வந்த முதல் நாளே இந்தக் கேள்வியா என்று நான் அழுதேன். அன்று முதல் என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முழித்திருந்தது அவள்தான் என்பதையும் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் சேரும்.

ஒரு தீபாவளிக்கு அவளுக்கு ரவிக்கை ஒன்றைக் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். வாங்கியவள் போட்டுப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பி, ஓரத் தையலை ஊசியால் நெம்பினாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"நல்லா இருக்கு நாத்தனாரே. பிரியவே மாட்டேங்குது," என்றாள்.

மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. அவள் வாயில் வந்த பெரிய பாராட்டே அதுதான் என்று பின்னால் புரிந்தது.

நாட்டில் யுத்தம் உச்சத்தில் இருந்த அந்தக் கடைசி வருசங்களில் ஒன்றில்தான் நான் மலையில் விழுந்தேன். மழைக்காலம், கொழுந்துக் கூடையோடு வடிகால் கானுக்குள் சறுக்கி முழங்கால் போய்விட்டது. இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாதவளுக்கு அன்றையக் கணக்கில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. கொழும்பில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் தரகர் ஒருவர் வந்தார். "புள்ளய இங்க விட்டுட்டு வாம்மா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு குடுப்பாங்க," என்றார். ஜனவரியில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியது.

மதினிதான் சொன்னாள். "வருசக் கடசியில பள்ளிக்கூடத்துல யூனிபோர்முக்கு வெள்ளத் துணி குடுப்பாங்கல்ல. நம்ம தோட்டம், பக்கத்துத் தோட்டம், அம்புட்டுப் புள்ளைகளுக்கும் தைக்கணும். டவுன் தையக்காரன் தை மாசம் முடிஞ்சாலும் குடுக்க மாட்டான். ஒரு மிசின் வாங்குங்க."

"நான் மிசின் தொட்டதே இல்லயே மதினி."

"அதுனாலதான் நான் வர்றேன்," என்றாள்.

என் தோட்டை விற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினோம். மிசின் சரியாக அமைந்தால் பிள்ளையோடு இருப்பேன். சொதப்பலாக அமைந்தால் தோடும் இல்லை, பிள்ளையும் இல்லை, கொழும்புதான். 

கடைக்காரர் சிங்கள முதலாளி, தமிழ் ஓரளவு பேசுவார். வெள்ளை வெளேரென்று ஒரு மிசினைக் காட்டினார். "மே பலன்ட நங்கி, இதைப் பாருங்க தங்கச்சி. பூப்போடும், காஜா அடிக்கும், வளைஞ்சு வளைஞ்சு தைக்கும். கரண்டைக் குடுத்தா தானா ஓடும்." எனக்கு அதைப் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த மிசின் வீட்டில் இருந்தால் எவள் என்னை ஏளனமாகப் பேசுவாள்?

மதினி கேட்டாள்: "இது கெட்டா யாரு கழட்டுவா முதலாளி?"

"ஐயோ, இதைக் கழட்ட ஏலாது. கொழும்புக்கு அனுப்போணும்."

"அப்ப வேணாம்."

அவள் தொடையில் கிள்ளினேன். அசையவில்லை. "எங்க லயத்துல பொழுதுபட்டா பல்பே மினுக்கு மினுக்குன்னு எரியுது. நாத்தனாரே, ஒங்களுக்கு நேராத் தைக்கிற மிசின் போதும். பூவெல்லாம் பொறகு போடலாம்."

கடையின் பின்பக்கம் கறுப்பாக மூன்று பழைய கை மிசின்கள் இருந்தன. முதலாவது பளபளத்தது. "பெயிண்டு புதுசு, எதையோ மறைக்கிறாங்க," என்று ஒதுக்கினாள். இரண்டாவதின் சக்கரத்தை என்னைச் சுற்றச் சொன்னாள். "எங்கனயாச்சும் கடிக்குதா?" ஓரிடத்தில் லேசாகக் கடித்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதுக்குப் பெயிண்டும் இல்லை, பேரும் தேய்ந்திருந்தது. ஊசி மாட்டுகிற தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினாள். "விழப்போற பல்லு மாதிரி ஆடக்கூடாது," என்றாள். ஆடவில்லை. அதன் பாபின் பலாங்கொடையில் எல்லாக் கடையிலும் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றார் முதலாளி. பிறகு பையிலிருந்து துணித் துண்டுகளை எடுத்தாள். யூனிபோர்ம் துணி இரண்டு மடிப்பு, அதற்குப் பக்கத்தில் நாலு மடிப்பு, கடைசியாகப் படங்குச் சாக்கு. மலையில் நாங்கள் இடுப்பில் கட்டுகிற சாக்குத்தான். மூன்றின் மேலும் மிசின் தடக் தடக்கென்று ஏறி இறங்கியது. அவள் தையலை மேலே பார்த்தாள், திருப்பிக் கீழேயும் பார்த்தாள். "மேல ஒரு மூஞ்சி, கீழ ஒரு மூஞ்சி காட்டுனா வாங்கக்கூடாது," என்றாள்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஸ்குரூ ஆணித் திருப்பியைக் கேட்டு வாங்கி மிசினைச் சாய்த்தாள். ஊசிக்குக் கீழே இருந்தவற்றை மளமளவென்று கழட்டி மேசையில் வைத்தாள்: பாபின் டப்பா, அதைச் சுற்றிய வளையம், உள்ளே பிறை நிலா போல் ஓர் இரும்புத் துண்டு. என்னைப் பார்த்தாள்.

"பூட்டுங்க."

முதலாளி பாவம் பார்த்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "ஊசி மேலே நிக்கோணும் நங்கி. அப்பதான் பிறை உள்ளே போகும். பிறகு வளையம், பிறகு டப்பா." எப்படியோ பூட்டினேன். அவள் மறுபடி கழட்டினாள். மறுபடி பூட்டினேன். வெளியே பலாங்கொடை பஸ் ஒன்று போய்விட்டது. அவள் மூன்றாந்தரமும் கழட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்களும் ஒருக்கா பூட்டிப் பாருங்களேன் மதினி! என்னையே போட்டு வதைக்கிறீங்க!"

"மிசின் யாருக்கு? ஒங்களுக்கா எனக்கா?"

பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினேன். பாவி, பாவி என்று மனசுக்குள் திட்டினேன். மேசையும் காலும் இல்லாமல், அந்த இரும்பு உடம்பை மட்டும்தான் வாங்கினோம். அடிப்பலகையை அண்ணன் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்துதருவதாகப் பேச்சு. தையல்காரர்கள் அந்த உடம்பைத் 'தலை' என்பார்கள். முதலாளி சிங்களத்தில் அதையே சொல்லிக்கொண்டு சீட்டு எழுதினார்: "ஒளுவ விதரய்." தலை மட்டும். மதினி கேட்டாளென்று எண்ணெயைத் தாராளமாக விட்டார். மதினி அந்த ஆணித் திருப்பியையும் விலைக்கு வாங்கி, நூலோடும் துணித் துண்டுகளோடும் சேர்த்து வைத்தாள். எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி, தும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார் முதலாளி.

பஸ் இரத்தினபுரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சோதனைச்சாவடியில் நின்றது. எல்லோரும் பையோடு இறங்கி ஐடென்டிக்காட்டைக் காட்டவேண்டும். பஸ்ஸில் கேட்பாரற்று ஒரு பார்சல் கிடந்தாலே குண்டென்று சனம் சிதறி ஓடிய காலம் அது. மதினி சாக்கைத் தூக்கப் போனாள். எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. "விடுங்க மதினி, இரும்பு, யாரு தூக்கிட்டுப் போறா? திரும்ப ஏறத்தானே போறோம்," என்று இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தப்பு என்னுடையது.

பஸ்ஸுக்குள் ஏறிய ஆமிக்காரப் பையன் ஒருவன் கத்தினான். சீட்டுக்குக் கீழே சாக்கு. எண்ணெய் ஊறிக் கரேலென்று ஒரு பக்கம் ஈரம். யாருடையது என்று ஆமிக்காரர்களில் பெரியவர் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் வரும், பயம் வந்தால் வராது. கையைத் தூக்கினேன்.

"அபே மாத்தயா." எங்களுடையது ஐயா.

"மொகக்த?" என்ன அது?

தையல் மிசினுக்குச் சிங்களத்தில் என்ன என்று நெஞ்சைத் துழாவினேன். காலையிலிருந்து கேட்டிருந்த சொல்தான் வாயில் வந்தது.

"ஒளுவக் மாத்தயா."

ஒரு தலை ஐயா.

"ஒளுவக்?"

"ஒவ் மாத்தயா. ஒளுவ விதரய்." ஆமாம் ஐயா. தலை மட்டும்தான்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி "அய்யோ!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். ஆமிக்காரர்களின் துவக்குகள் என்னை நோக்கி நிமிர்ந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. விளக்கிச் சொல்ல நாக்கு எழவில்லை. சனத்தையெல்லாம் மதகுக்கு அப்பால் துரத்தினார்கள். பெரியவர் ஒரு சொல் சொன்னார்.

"கலவபங்!"

கழட்டு என்று அர்த்தம். எங்கள் வீட்டுச் சொல்லே சிங்களத்தில் வந்து முன்னால் நின்றது. மதினி இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "மம கலவன்னம்," என்றாள். நான் கழட்டுகிறேன். குரல் கணீரென்று இருந்தது. பெரியவர் மறுத்துத் தலையாட்டினார். வேண்டாம், எங்களுடையது என்று சொன்னவளே கழட்டட்டும். அவளைப் பின்னால் போகச் சொன்னார்கள்.

தனியாகப் பஸ்ஸில் ஏறினேன். சாக்கைப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கினேன். கயிற்று முடிச்சு அவிழவில்லை, நகம் பிய்ந்தது. சாக்கு விலகிக் கறுப்பு இரும்பு தெரிந்ததும் ஒரு பையன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. உள்ளே என்ன ஒளித்திருக்கிறது, எல்லாவற்றையும் கழட்டு என்றார். டப்பா, வளையம், பிறை, பக்கவாட்டுத் தகடு, எல்லாவற்றையும் சாக்கின் மேல் வைத்தேன். குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தென் ஹரி கரபங்." இப்போது சரியாக்கு.

உன்னுடையது என்றால் உனக்குப் பூட்டத் தெரிந்திருக்குமே என்பது அதன் பொருள். பிறை கைநழுவி மண்ணில் விழுந்தது. சேலையில் துடைத்துச் செருகினேன். போகவில்லை. திருப்பிச் செருகினேன். போகவில்லை. என் பிள்ளை லயத்து வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்து கண்ணை மறைத்தது. முருகா, முருகா என்றேன். அப்போதுதான் முதலாளி சொன்னது மண்டையில் உறைத்தது: ஊசி மேலே நிக்கோணும். சக்கரத்தைச் சுற்றி ஊசியை மேலே கொண்டுவந்தேன். பிறை டக்கென்று உட்கார்ந்தது. வளையம். டப்பா. பக்கத் தகட்டையும் மாட்டினேன். மதினி சாக்கோடு போட்டிருந்த நூலைக் கோத்து, அந்தப் படங்குத் துண்டில் ஒரு சாண் நீளம் தைத்தேன்.

பெரியவர் துண்டை வாங்கி மேலே பார்த்தார், திருப்பிக் கீழேயும் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்தார். "மஹன மெசிமக்னே! எஹெம கியன்ன எபாயெ!" தையல் மிசின்தானே, அப்படிச் சொல்லக்கூடாதா!

மதகுக்கு அப்பால் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. நான் மிசினைச் சாக்கில் சுற்றி அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் மதினிதான் சாக்கைத் திரும்பக் கட்டப் பார்த்தாள். மூன்று தடவை முடிச்சுப் போட்டாள், மூன்றும் அவிழ்ந்தன. நான்தான் கட்டினேன். எனக்காகப் பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாதிதான் சரி.

அந்த மிசின் என்னைக் கைவிடவில்லை. லயத்துக்கு லயம் வெள்ளைத் துணி வந்து குவிந்தது. தரகர் வந்தார், தேத்தண்ணி குடித்தார், தனியாகத் திரும்பிப் போனார். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்ற நிலையில், மத்தியானம், அவசரத்தில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். அதே நேரம் மிசினும் நூலைக் கடித்து இறுகிவிட்டது. மதினி ஓடிவந்து வழக்கம்போலக் கழட்டினாள். நூல் குப்பையை எடுத்தாள். வெளியே நாலைந்து தாய்மார் நின்றார்கள். என் விரலில் துணிக்கட்டு.

"மதினி, நீங்களே பூட்டிருங்க. சீக்கிரம்."

அவள் மடியில் டப்பா, வளையம், பிறை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பூட்டத் தெரியாது நாத்தனாரே."

"என்னாது?"

"ஒரு நாளும் தெரியாது. கழட்ட மட்டுந்தான் வரும். பூட்டுறதெல்லாம் ஒங்க அண்ணன்தானே. அதான் அன்னைக்குக் கடையில ஒங்கள அந்தப் பாடு படுத்துனேன். ஒங்களுக்காவது தெரியட்டும்னு."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அந்த ரோடும் நிமிர்ந்த துவக்கும் நினைவு வந்து சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு நீங்கதானே 'நான் கழட்டுறேன்'னு முன்னால போனீங்க?"

"போனேன்."

"ஒங்களப் பூட்டச் சொல்லியிருந்தா?"

அவள் பிறையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "புடிச்சு வச்சிருப்பாங்க. நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாம்ல. புள்ள தனியா நின்னுச்சு. எனக்கு என்னா? ஒங்க அண்ணன் கோவம் வந்தா சாப்பிடாம படுத்துக்குவாரு. அம்புட்டுத்தானே."

  இடது கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசியை மேலே கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், நான் பூட்டினேன்.